பவளம் வளரலன்னா லைட்டுக்கு முன்னாடி தண்ணிய பாருங்க

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல வாசகர் கேள்வி பகுதியில ஒரு அம்மா எழுதியிருந்தாங்க, வீட்டுல கடல்நீர் தொட்டி இருக்கு, மீனெல்லாம் நல்லா ஓடியாடி திரியுது, பவளம் மட்டும் வாங்கிட்டு வந்த அளவுலயே நிக்குது, சாகவும் இல்ல வளரவும் இல்லன்னு. அதுக்கு உங்க பக்கம் போட்ட பதில் ரெண்டே வரி. லைட் பத்தாது, பெரிய எல்இடி வாங்கிப் போடுங்க, அவ்வளவுதான். நல்ல ரீஃப் லைட் ஒண்ணு பல நூறு வெள்ளி சார், இத படிச்சிட்டு எத்தன பேரு கடைக்கு ஓடுனாங்களோ.

லைட்டும் காரணமா இருக்கலாம், இல்லன்னு சொல்ல வரல. ஆனா அத கடைசியா பாக்கணும். தோ பாயோல எங்க வீவக அடுக்குமாடி வீட்டு ஹால்ல பல வருஷமா ஹார்ட் கோரல் (கல்லு மாதிரி கூடு கட்டுற பவளம்) தொட்டி வச்சிருக்கேன், தெரிஞ்சவங்க கூப்பிட்டா அவங்க தொட்டியையும் போய் பாத்து சொல்றது உண்டு. வளராம நிக்கிற தொட்டியில பெரும்பாலும் நான் பாக்குறது அல்கலினிட்டி (தண்ணியோட காரத்தன்மை) ஏறி இறங்கி ஆடிக்கிட்டு இருக்கும், இல்லன்னா தண்ணிய ரொம்ப சுத்தமாக்கி பவளத்த பட்டினி போட்டிருப்பாங்க, இந்த ரெண்டுல ஒண்ணுதான்.

அல்கலினிட்டிய கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன், ஏன்னா கடையில யாரும் உக்காந்து இத சொல்றதில்ல. ஹார்ட் கோரலோட கூடு கால்சியம் கார்பனேட். அத கட்டுறதுக்கு தண்ணியிலேருந்து கால்சியத்த எடுக்குது, கூடவே கார்பனேட்டையும் எடுக்குது, இந்த ரெண்டாவது கணக்கத்தான் நாம அல்கலினிட்டின்னு அளக்குறோம். கடல் தண்ணியில கால்சியம் 410, 420 பிபிஎம் (பத்து லட்சத்துல அத்தன பங்கு) இருக்கும், அல்கலினிட்டி 7 டிகேஎச் (அல்கலினிட்டிய அளக்குற அலகு) சுமார். இப்ப பவளம் 20 பிபிஎம் கால்சியம் எடுத்துச்சுன்னா அதோட சேந்து 2.8 டிகேஎச் அல்கலினிட்டியும் போயிடும். கால்சியம் 420லேருந்து 400க்கு வந்தா டெஸ்ட் கிட்ல அது பெருசா கண்ணுல படாது, எல்லாம் நார்மல்னு நெனச்சுக்குவோம், ஆனா அதே நேரத்துல அல்கலினிட்டி 8லேருந்து 5.2க்கு விழுந்திருக்கும், அந்த நெலமையில பவளம் கூடு கட்டுற வேகம் நல்லா கொறஞ்சிடும். கால்சியம் மாசச் சாமான் மாதிரி வீட்டுல கெடக்கும், அல்கலினிட்டி காலையில வாங்குற பால் மாதிரி, அன்னன்னைக்கு தீந்துடும். அப்படியிருக்க நெறைய பேரு கால்சியம் பாட்டில வாங்கி ஊத்திட்டு உக்காந்திருக்காங்க.

வாரம் ஒரு தடவ தண்ணி மாத்துறேனே போதாதான்னு கேப்பாங்க. சாஃப்ட் கோரல் (கல் கூடு கட்டாத, மெத்துன்னு இருக்கிற பவளம்) மட்டும் இருந்தா போதும். ஹார்ட் கோரல் கொஞ்சம் கூடுதலா இருந்தா போதாது, சில சமயம் அதுவே தொல்லை, ஏன்னா சில உப்பு பிராண்ட கலந்தா 11, 12 டிகேஎச் வரும், தொட்டியில 6.5 இருக்கும், மாத்துற அன்னைக்கு ஒரே தூக்கா தூக்கி மறுபடி வாரம் பூரா சரியும். 7.5ல இருந்தாலும் சரி 9ல இருந்தாலும் சரி, ஒரே எடத்துல நிக்கணும், அதான் முக்கியம்.

அந்த அம்மாவுக்கு நான் சொல்றது இதுதான். ஒரு நல்ல அல்கலினிட்டி டெஸ்ட் கிட் வாங்குங்க, எல்இடி வெலைக்கு முன்னாடி அது ஒண்ணுமே இல்ல. தெனம் ஒரே நேரத்துல, காலையில லைட் எரியறதுக்கு முன்னாடி டெஸ்ட் பண்ணுங்க. சிரிஞ்சுல ஒவ்வொரு சொட்டா விட்டு குலுக்கணும், நீலமா இருக்கிற தண்ணி மங்கலாகி சட்டுன்னு ரோஸ் நெறத்துக்கு மாறும், கடைசி ஒண்ணு ரெண்டு சொட்டுல அவசரப்பட்டா ரீடிங் தப்பாயிடும். ஒரு வாரம் எழுதி வச்சா ஒரு நாளைக்கு எவ்வளவு எறங்குதுன்னு தெரிஞ்சிடும், அந்த அளவ மட்டும் தெனம் திருப்பிக் குடுங்க. அதுக்கு விலை கூடின பாட்டில் கூட வேணாம், சமையல் சோடா, அதாவது சுத்தமான சோடியம் பைகார்பனேட் போதும், 100 லிட்டர் தண்ணிக்கு 3 கிராம் போட்டா சுமார் 1 டிகேஎச் ஏறும். ஆர்ஓ தண்ணியில (சவ்வு வழியா வடிகட்டி சுத்தமாக்குன தண்ணி) கரைச்சு, தண்ணி வேகமா ஓடுற எடத்துல மெதுவா ஊத்தணும், ஒரு நாளைக்கு 1 டிகேஎச்சுக்கு மேல ஏத்த வேணாம். கேக்குக்கு போடுற பேக்கிங் பவுடர் வேற சாமான், அதுல ஆசிட் உப்பெல்லாம் கலந்திருக்கும், அத எடுத்து போட்டுடாதீங்க. மெக்னீசியமும் 1250லேருந்து 1350 பிபிஎம் வரைக்கும் இருக்கான்னு ஒரு தடவ பாத்துக்கணும், அது கொறஞ்சிருந்தா நீங்க குடுக்குற கால்சியமும் அல்கலினிட்டியும் பவளத்துக்கு போறதுக்கு முன்னாடியே பம்புலயும் பைப்புலயும் வெள்ளையா படிஞ்சு வீணாப் போகும்.

அடுத்தது பட்டினி. பாசி வந்துட கூடாதுன்னு பயந்து பாஸ்பேட் ரிமூவர போட்டு, பெரிய ஸ்கிம்மர (அழுக்க நுரையா எடுக்குற கருவி) வச்சு, மீனுக்கு தீனியையும் கொறச்சு, நைட்ரேட் சைபர் பாஸ்பேட் சைபர்னு பெருமையா காட்டுவாங்க. பவளம் வெளிறிப் போய் நிக்கும். பவளத்துக்குள்ள இருக்கிற நுண்பாசிக்கும் நைட்ரஜன் பாஸ்பரஸ் வேணும்தானே, அதுதான வெளிச்சத்த வச்சு சாப்பாடு செஞ்சு பவளத்துக்கு குடுக்குது. நைட்ரேட் 2லேருந்து 10 பிபிஎம், பாஸ்பேட் 0.03லேருந்து 0.1 பிபிஎம், இப்படி இருந்தா நான் கை வைக்க மாட்டேன். ரெண்டும் சைபர்ல இருக்கிற தொட்டியிலதான் அந்த பழுப்பு கலர் சளி மாதிரி டைனோஃபிளாஜெலேட்ங்கற நுண்ணுயிர் வேற வந்து ஒக்காந்துக்கும், பாசிய விட அது பெரிய தலவலி. இதுல இன்னொண்ணும் இருக்கு, தண்ணி ரொம்ப சுத்தம், அல்கலினிட்டி 10, 11ன்னு ஒசரத்துல, அப்படி இருந்தா அக்ரோபோராங்கற கிளை கிளையா வளர்ற ஹார்ட் கோரலோட நுனி கருகும். நல்லா வளர்ற நுனி வெளிர் நெறமா இருக்கும், கிட்ட போய் பாத்தா சின்னச் சின்ன பாலிப் (பவளத்தோட குட்டி உயிர்கள்) தெரியும். கருகுன நுனியில தோலே இருக்காது, வெறும் எலும்பு, ரெண்டு நாள்ல அதுமேல பாசி ஏறிடும். தூரத்துலேருந்து பாத்தா ரெண்டும் ஒண்ணுபோலத்தான் தெரியும், அதனால வளருதுன்னு நெனச்சு சந்தோஷப்பட்டவங்களும் உண்டு. நான் நுனிய விட அடிய தான் பாப்பேன், பவளத்துண்ட ஒட்டுன பசை மேல தோல் படர ஆரம்பிச்சிருந்தா பவளம் செட்டாயிடுச்சு.

நம்ம ஊர் வீடுகளுக்குன்னே சில விஷயம் இருக்கு. சாயங்காலம் ஆனா ஜன்னல் எல்லாம் சாத்தி ஏர்கான் போட்டு நாலஞ்சு பேரு ஒரே ஹால்ல இருப்போம், கார்பன் டை ஆக்சைடு ஏறும், அது தண்ணியில கரைஞ்சு பிஎச் 7.8, 7.7ன்னு எறங்கும், வளர்ச்சியும் கொறையும். ஸ்கிம்மர் காத்துக் குழாய ஜன்னலுக்கு வெளியே நீட்டி விட்டாலே நெறைய வீட்டுல வித்தியாசம் தெரியுது. பிஎச்ச ஏத்த சிலர் ராத்திரியில சுண்ணாம்புத் தெளிவுத் தண்ணிய சொட்டு சொட்டா விடுறாங்க, நல்ல முறைதான், ஆனா அதோட பிஎச் 12க்கு மேல, மொத்தமா கொட்டுனா அவ்வளவுதான், தொட்டியே போயிடும். வெத்தலை சுண்ணாம்ப கரைச்சு ஊத்தலாமான்னு ஒரு பெரியவர் கேட்டாரு, வேண்டாம்யா, அதுல என்னென்ன கலந்திருக்குன்னு யாருக்கு தெரியும்.

சூடு பத்தி சொல்லவே வேணாம். 1998, 2010, 2016ன்னு நம்ம தீவுகள சுத்தி கடல்லயே பவளம் வெளுத்துச்சே, சின்ன தொட்டி எம்மாத்திரம். சில்லர் வச்சு 25லேருந்து 27 டிகிரிக்குள்ள வைங்க. குழாய்த் தண்ணியில இங்க குளோரமின் இருக்கு, சாதா குளோரின் மாதிரி ஒரு நாள் வாளியில வச்சா போயிடாது, நல்ல கார்பன் ஃபில்டரோட ஆர்ஓ டிஐ (ஆர்ஓவுக்கு அப்புறம் மிச்ச உப்பையும் எடுக்குற ஃபில்டர்) வேணும், கரைஞ்ச உப்ப அளக்குற டிடிஎஸ் மீட்டர் சைபர்னு காட்டுது அதனால குளோரமின் இல்லன்னு நெனக்காதீங்க, அந்த மீட்டருக்கு அது தெரியாது. உப்பு 35 பிபிடி (ஆயிரத்துல 35 பங்கு) இருக்கணும், அத அளக்குற ரிஃப்ராக்டோமீட்டர 35 பிபிடி கரைசல வச்சு செட் பண்ணிக்கோங்க.

இதெல்லாம் சரியா இருந்து அப்பவும் வளரலன்னா லைட்டுக்கு வாங்க. அப்பவும் புதுசு வாங்கறதுக்கு முன்னாடி இருக்கிற லைட்டோட கண்ணாடிய தொடச்சு பாருங்க, உப்பு படிஞ்சு மங்கிப் போயிருக்கும். பார் மீட்டர் (பவளத்துக்கு உதவுற வெளிச்சத்த அளக்குற கருவி) யார்கிட்டயாவது வாங்கி அளந்துக்கோங்க, சாஃப்ட் கோரலுக்கு 50லேருந்து 100, அக்ரோபோராவுக்கு 200லேருந்து 350. அளக்காம பெரிய லைட்ட கொண்டாந்து மாட்டி ஃபுல்லா வச்சா இருக்கிற பவளமும் வெளுத்துடும். வேவ்மேக்கரயும் (தண்ணிய அலை மாதிரி ஓட வைக்கிற பம்பு) கழட்டி பாருங்க, உள்ள சுண்ணாம்பும் பாசியும் ஏறி பாதி வேகத்துலதான் ஓடிக்கிட்டு இருக்கும், வினிகர்ல ஊற வச்சா சரியாயிடும். பக்கத்துலயே பெரிய லெதர் கோரல் (ஒரு வகை சாஃப்ட் கோரல்) இருந்தா அது விடுற ரசாயனமும் மத்தத அமுக்கும், ஆக்டிவேட்டட் கார்பன் போட்டு வைங்க. எத மாத்துனாலும் ஒண்ண மாத்திட்டு ரெண்டு மூணு வாரம் சும்மா இருங்க. ஒரே நாள்ல மூணையும் மாத்துனா எது வேல செஞ்சுதுன்னு சாமிக்கே தெரியாது.

உங்க பதில்ல ஒரு வார்த்த கூட வராத விஷயம் இன்னொண்ணு, பவளம் எங்கேருந்து வருதுங்கறது. ஹார்ட் கோரல் எல்லாமே சைட்டிஸ் (அழியுற நெலமையில இருக்கிற உயிரினங்கள வாங்கி விக்கிறத கட்டுப்படுத்துற சர்வதேச ஒப்பந்தம்) ரெண்டாவது பட்டியல்ல இருக்கு, பெர்மிட் இல்லாம வெளிநாட்டுலேருந்து கொண்டு வர முடியாது. ராமேஸ்வரம் பக்கம் சொந்தக்காரங்க இருக்காங்க, ஒரு துண்டு எடுத்துட்டு வரச் சொல்லலாமான்னு என்னையே கேட்டிருக்காங்க. இந்தியாவுல அது வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணை, புலிக்கு இருக்கிற பாதுகாப்பு அதுக்கும் உண்டு, செத்த துண்டா இருந்தாலும் சிக்கல்தான். கடையில தொட்டியிலயே வெட்டி வளத்த ஃப்ராக் (பவளத்துண்டு) கெடைக்குது, சின்னதா இருக்கும், ஆனா கடல்லேருந்து பேத்து எடுத்தத விட தொட்டிக்கு சீக்கிரம் பழகுது.

அடுத்த ஞாயிறு அந்த பகுதியில கொஞ்சம் எடம் ஒதுக்கி திருத்தம் போடுங்க சார். முழுசா போட முடியலன்னா அந்த அல்கலினிட்டி கணக்கையும் சோடா அளவையும் மட்டுமாவது போடுங்க, லைட் வாங்கலாமான்னு யோசிச்சுக்கிட்டு இருக்கிறவங்க அதுக்குள்ள டெஸ்ட் பண்ணிப் பாத்துடுவாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தோ பாயோ, சிங்கப்பூர்