சாட்செல் பெய்ஜுக்கு ஒரு வரி போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழில் வந்த பேஸ்பால் பிட்சர்கள் (பந்து வீசுபவர்கள்) பற்றிய கட்டுரையைப் படித்தேன். சை யங், வால்டர் ஜான்சன் பற்றியெல்லாம் விரிவாக எழுதிவிட்டு, கறுப்பின பிட்சர் சாட்செல் பெய்ஜுக்கு மட்டும் ஒரே வரி: 'மேஜர் லீகில் 28 வெற்றி, 31 தோல்வி.' அமெரிக்காவின் முதன்மை பேஸ்பால் லீகான மேஜர் லீகின் பழைய கணக்குப்படி அது சரிதான். ஆனால் அந்தக் கணக்கு அவருடைய எந்த வயதில் தொடங்குகிறது என்பதைச் சொல்லாமல் விட்டது பெரிய குறை.

1906-ல் அலபாமாவின் மொபீல் நகரில் பிறந்தவர் பெய்ஜ். சிறுவனாக இருந்தபோது சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். பந்து வீச்சை முறையாகக் கற்றது அங்கேதான். 1926-ல் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனபோது, மேஜர் லீக் அணிகள் கறுப்பர் ஒருவரையும் சேர்ப்பதில்லை. அதனால் அவருடைய வேகமான வருடங்கள் எல்லாம் கறுப்பர்களுக்கென்று தனியாக இருந்த நீக்ரோ லீகிலும், ஊர் ஊராகப் போய் ஆடிய காட்சி ஆட்டங்களிலும், கியூபா, போர்ட்டோ ரிக்கோ, டொமினிக்கன் குடியரசு என வெளிநாடுகளிலும் கழிந்தன. அந்த ஆட்டங்களில் பலவற்றுக்கு முழுமையான ஸ்கோர் பதிவே கிடையாது. 1934-ல் மேஜர் லீகில் 30 ஆட்டங்களை வென்ற டிஸ்ஸி டீன், காட்சி ஆட்டங்களில் பெய்ஜை எதிர்த்து ஆடியவர். தான் பார்த்ததிலேயே சிறந்த பிட்சர் பெய்ஜ்தான் என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார்.

1948-ல் கிளீவ்லாந்து அணி பெய்ஜை ஒப்பந்தம் செய்தபோது, இது வெறும் விளம்பரம் என்று ஒரு பெரிய விளையாட்டுப் பத்திரிகையின் ஆசிரியரே சாடினார். 42 வயது முடிந்து இரண்டாம் நாள், ஜூலை 9 அன்று, பெய்ஜ் மேஜர் லீகில் முதல் பந்தை வீசினார். அந்த வருடம் 6 வெற்றி, 1 தோல்வி. ஆகஸ்டில் கிளீவ்லாந்தில் ஒரே ஆட்டத்துக்கு 78,382 பேர் வந்தார்கள். எதிரணிக்கு ஒரு ரன்கூடக் கொடுக்காமல் ஜெயித்துக் கொடுத்தார். மேஜர் லீகின் சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரையும் அணி வென்றது. 42-ல் இப்படி வீசியவர் 25-ல் எப்படி வீசியிருப்பார்!

அப்புறம் 1965. கன்சாஸ் சிட்டி அணியின் முதலாளி, டிக்கெட் விற்பதற்காக அவரை மறுபடி அழைத்துவந்து, மைதான ஓரத்தில் ஆடும் நாற்காலியில் உட்காரவைத்து, பக்கத்தில் ஒரு நர்ஸையும் நிறுத்தினார். அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் 59 வயதில் பாஸ்டன் அணிக்கு எதிராக அவர் வீசிய மூன்று இன்னிங்ஸ் வேடிக்கை இல்லை. ரன் எதுவும் கொடுக்கவில்லை. அவர் பந்தில் ஹிட் (பந்தை அடித்து பேஸை எட்டுவது) அடித்தவர் கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கி ஒருவர் மட்டுமே.

1971-ல் சிறந்த ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் அவரைச் சேர்த்தபோதும், முதலில் நீக்ரோ லீக் ஆட்டக்காரர்களுக்குத் தனிப் பகுதி என்றுதான் அறிவித்தார்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகே மற்றவர்களுக்குச் சமமான இடம் கிடைத்தது. நீக்ரோ லீக் புள்ளிவிவரங்களை மேஜர் லீக் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டதோ 2024-ல்தான். அப்போது பெய்ஜ் இறந்து ஏறக்குறைய 42 வருடம் ஆகியிருந்தது.

ஆகவே அந்த 28, 31 என்ற கணக்கும் இன்று பழையதாகிவிட்டது. அடுத்த இதழில் அதைத் திருத்தி, பெய்ஜைப் பற்றித் தனிக் கட்டுரையே வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், ஈரோடு