சக்கையும் நீராவியும்

அன்புள்ள முத்து,

உன் கடிதம் வந்து பதினைந்து நாளாகிறது. பதில் தாமதமானதற்குக் காரணம் சோம்பல்தான், வேறொன்றுமில்லை. போன வாரம் மருமகன் வேலை பார்க்கும் சர்க்கரை ஆலையைப் பார்த்துவிட்டு வந்தேன். வீட்டுக்காரியிடம் அதைப் பற்றிப் பேச்செடுத்தால், "ரிட்டயர் ஆகியும் பாய்லரை விடலையா?" என்கிறாள். அதனால் உன்னிடம் கொட்டுகிறேன்.

நம் காலத்துப் பாய்லர் நினைவிருக்கிறதா? சதுர சென்டிமீட்டருக்கு 21 கிலோ பிரஷர். கரும்பைப் பிழிந்த சக்கை மிஞ்சக் கூடாது என்பதற்காகவே தாராளமாக எரித்தோம். மிஞ்சினால் போட இடமில்லை, வாங்க ஆளில்லை. நீராவியைச் சும்மா வெளியே ஊதிவிட்ட நாட்களும் உண்டு. இங்கே 87 கிலோ பிரஷர், 500 டிகிரிக்கு மேல் சூடு. நமக்கு ஒரு யூனிட் மின்சாரத்துக்குப் பத்துக் கிலோவுக்கு மேல் நீராவி போனது. இவர்கள் ஐந்தாறு கிலோவில் முடித்துவிடுகிறார்கள். மின்சாரம் எடுக்கும் டர்பைனைச் சுற்றிவிட்டு வரும் நீராவியே சாறு காய்ச்சவும் போகிறது. நமக்கும் அப்படித்தான். ஆனால் நாம் ஆலைக்கு வேண்டிய கரண்டோடு நின்றுவிட்டோம், இவர்கள் மீதியை மின்வாரியத்துக்கு விற்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு டன் கரும்பு அரைத்தால் ஏறக்குறைய 300 கிலோ சக்கை. அதில் பாதி தண்ணீர். ஒரு கிலோ சக்கைக்கு இரண்டு கிலோ நீராவிக்குச் சற்று மேலே கிடைக்கும். நாளைக்கு 2500 டன் அரைக்கிற ஆலை இந்தப் பாய்லரை வைத்து 12 மெகாவாட் பக்கம் எடுக்கலாம். அன்று யாராவது இதைச் சொல்லியிருந்தால் கேன்டீனில் எல்லோரும் சேர்ந்து சிரித்திருப்போம்.

ஒன்று மட்டும் மாறவில்லை. கரும்பு பிழியும் கடைசி மில்லில் வெந்நீர் ஊற்றும் சண்டை! மில்காரர்கள் சர்க்கரையை ஒட்டப் பிழிய நிறைய ஊற்றுவார்கள். சக்கை ஈரமாக வரும், பாய்லர்காரன் தலையில் கை வைப்பான். நான் போன அன்றும் ஈரம் 50 சதவீதத்தைத் தாண்டி, பிரஷர் இறங்கிக்கொண்டிருந்தது. பிரஷர் இறங்கினால் மில் மந்தமாகும், மில் மந்தமானால் சக்கை வரத்து குறையும். போனில் ஷிப்ட் இன்ஜினியர் போட்ட சத்தத்தைக் கேட்டதும் எனக்கு முப்பது வயது குறைந்துவிட்டது, போ.

சரி, உன் இருமல் எப்படி இருக்கிறது? இங்கே சக்கை குவிக்கும் யார்டில் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்கிறார்கள், ஆட்கள் முகமூடி போட்டிருக்கிறார்கள். நாட்பட்ட காய்ந்த சக்கையில் பூஞ்சை பிடித்து, அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்குமாம். அதற்குப் பகாசோசிஸ் என்று பெயரே இருக்கிறது. நீ யார்டில் துண்டைக் கட்டிக்கொண்டு எட்டு வருஷம் நின்றாய், நமக்கு யாரும் சொல்லவில்லை. நெஞ்சு டாக்டரிடம் போகும்போது இந்த வேலை பார்த்ததை மறக்காமல் சொல். அந்த ராத்திரி நம் சக்கைக் குவியல் தீப்பிடித்ததே, அதையும் மருமகனிடம் சொன்னேன். யாரோ பீடி போட்டார்கள் என்று உன்மேல் பழி விழப் பார்த்தது. மிச்சமிருக்கும் சர்க்கரை புளித்து, குவியலின் உள்ளே சூடு ஏறித் தானாகவே பற்றிக்கொள்ளும் என்று அவன் சாதாரணமாகச் சொல்கிறான்.

இதையெல்லாம் பார்த்து மலைத்தாலும் ஒரு நெருடல் இருக்கிறது. எல்லாம் கரும்பு வரும்வரைதான். மழை பொய்த்தால் அரவை சுருங்கும், சக்கையும் சுருங்கும். சீசன் முடிந்தபின் டர்பைன் ஓட நிலக்கரியையும் சேர்த்துக் கொட்டுகிறார்கள். பலகையில் மட்டும் பசுமை மின்சாரம் என்று எழுதியிருக்கிறது. சீசனில் அது உண்மைதான், மற்ற மாதங்களில் எனக்கு ஒப்பவில்லை. அப்புறம், கரும்புக்காரனுக்குப் பணம் எப்போது வருகிறது என்று கேட்டேன். மருமகன் பேச்சை மாற்றிவிட்டான்.

பேத்திக்குக் காது குத்து தை மாதம் வைத்திருக்கிறோம். நீயும் தங்கச்சியும் இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடுங்கள். அரவை ஓடிக்கொண்டிருக்கும், உன்னைப் பாய்லர் வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன். யார்டுப் பக்கம் மட்டும் உன்னை விடமாட்டேன்.

அன்புடன்,
ராமு