செத்த பிறகு கணக்கரைக் கூப்பிடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பிளஸ் ஒன் சேர்க்கை வந்துவிட்டால் போதும், ‘கணக்கு வராதா, பியூர் சயின்ஸ் (கணக்கு இல்லாத தாவரவியல், விலங்கியல் பிரிவு) எடு’ என்கிற அறிவுரை எல்லாப் பக்கமிருந்தும் வருகிறது. தாவரவியல் பாடம் நடத்துகிறவன் என்ற முறையில் எனக்கு இது எரிச்சல். செடியைப் படிக்கவும் கணக்கு வேண்டும்.

1957-ல் கல்கத்தாவில் இருக்கும் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு வந்து சேர்ந்த பிரிட்டிஷ் உயிரியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன் ஆக்ஸ்ஃபோர்டில் கணிதமும் படித்தவர். விலை உயர்ந்த கருவி இல்லாமலே இந்தியாவில் நல்ல உயிரியல் ஆய்வு செய்யலாம், ஒழுங்காகக் கவனித்து எண்ணத் தெரிந்தால் போதும் என்பது அவர் கட்சி. அங்கே எஸ்.கே. ராய் பவளமல்லிப் பூவில் இதழ் எத்தனை என்று எண்ணிக்கொண்டிருந்தார். டி.ஏ. டேவிஸ் எடுத்துக்கொண்டது தென்னை. தென்னையில் ஓலைகள் சுழலாகத்தான் வரும், சில மரத்தில் இடப்பக்கமாக, சில மரத்தில் வலப்பக்கமாக. தோப்பு வைத்திருக்கும் நம்மில் எத்தனை பேர் அண்ணாந்து பார்த்திருக்கிறோம், தெரியவில்லை. இது தாய் மரத்திடமிருந்து வருகிறதா என்று கன்றுகளை எண்ணிப் பார்த்தால், தாய் எந்தப் பக்கமாக இருந்தாலும் கன்றுகள் கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி. ஆக, பரம்பரை இல்லை. ஆனால் காய்ப்பில் இடச்சுழல் மரங்கள் சராசரியாக முந்தியிருந்தன! அந்த வித்தியாசம் நிஜமா தற்செயலா என்று செடியை மட்டும் தெரிந்தவர் சொல்லிவிட முடியாது. அங்கேதான் கணக்கு வேண்டும்.

நம் கல்லூரிகளில் நடப்பது வேறு. செடி வளர்த்து, அளந்து, ஆய்வேடும் முக்கால்வாசி எழுதியபிறகு, எக்செல் ஃபைலைத் தூக்கிக்கொண்டு புள்ளியியல் துறைக்குப் போய் ‘ஒரு அனோவா (குழுக்களின் சராசரிகளுக்கு இடையிலான வித்தியாசம் நிஜமா தற்செயலா என்று பார்க்கும் கணக்கு) போட்டுக் கொடுங்க சார்’ என்று நிற்பது. இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டட் விவசாய ஆய்வு நிலையத்தில் 1919 முதல் வேலை பார்த்து அந்த அனோவாவையே உருவாக்கிய ஆர்.ஏ. ஃபிஷர், 1938-ல் கல்கத்தா மாநாட்டிலேயே சொல்லிவிட்டார்: சோதனை முடிந்தபிறகு புள்ளியியலாளரிடம் போவது பிரேதப் பரிசோதனை கேட்பது மாதிரி, எதனால் செத்தது என்று வேண்டுமானால் அவர் சொல்லலாம்.

பல்கலைக்கழகங்களுக்கு ஒரே கோரிக்கை. எம்.எஸ்சி. தாவரவியல் புராஜெக்டுக்கு கணிதம் அல்லது புள்ளியியல் துறையிலிருந்து இணை வழிகாட்டி ஒருவர் முதல் நாளிலிருந்தே இருக்கட்டும். எத்தனை தொட்டி, எந்தத் தொட்டிக்கு எந்த உரம், எப்படிக் குலுக்கிப் போடுவது என்று விதை போடுமுன் அவரும் உட்கார்ந்து பேசட்டும். அப்புறம் கணக்குத் துறைப் பிள்ளைகளையும் தோட்டத்துக்கு அனுப்புங்கள், அவர்களுக்கு மதிப்பெண்ணும் கொடுங்கள், இல்லாவிட்டால் ஒருத்தரும் வரமாட்டார்கள்.

– தாவரவியல் ஆசிரியர், நாகர்கோவில்