குகையைச் சுருக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கோடை விடுமுறையில் சிறுவர்கள் படிக்க நீங்கள் தந்த பட்டியலில் அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைனின் 'டாம் சாயர்' நாவல் இருந்ததைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். நீங்கள் சொல்லியிருந்த அந்தத் தமிழ்ச் சுருக்கத்தை வரவழைத்துப் படித்தேன். படித்ததும் மனசு கேட்கவில்லை. வேலிக்கு வெள்ளையடிக்கும் வேடிக்கை முழுசாக இருக்கிறது. டாமும் அவன் பள்ளித் தோழி பெக்கியும் குகைக்குள் வழி தவறிப்போன கதை மட்டும் அரைப் பக்கம். புரட்டினால் புதையல், 12,000 டாலருக்கு மேல் பொற்காசு, கதை முடிந்தது.

நான் பந்தலூர்க்காரி. 1880-ஐ ஒட்டி இந்தப் பக்கம் தங்கம் இருக்கிறது என்று வெள்ளைக்காரர்கள் லண்டனில் கம்பெனிகளைத் தொடங்கி, தேவாலா, பந்தலூர் மலைகளைக் குடைந்தார்கள். போட்ட பணத்துக்குத் தங்கம் தேறவில்லை. சில வருடங்களில் அப்படியே போட்டுவிட்டுப் போனார்கள். அந்தச் சுரங்கங்கள் இன்னும் புதர் மூடிக் கிடக்கின்றன. தங்கத்தை நம்பி அவற்றுள் இறங்குகிறவர்கள் இன்றும் உண்டு. ஆகவே புதையல் கதை எங்கள் பிள்ளைகளுக்குத் தூர தேசத்துக் கதை இல்லை. வீட்டுக்குப் பின்னால் இருக்கிற கதை.

என் அப்பா அம்மா இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1964 ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்து தேயிலைத் தோட்டத்தில் சேர்ந்தவர்கள். எனக்குப் பத்து வயதிருக்கும்போது, லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பிள்ளைகள் மூன்று பேர் ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு அப்படி ஒரு சுரங்கத்துக்குள் போனோம். கொஞ்ச தூரத்திலேயே டார்ச் அணைந்துவிட்டது. சுவரைத் தடவித் தடவி வெளியே வந்தபோது மழை பெய்துகொண்டிருந்தது. ஒருத்தரும் பேசவில்லை. வீட்டிலும் சொல்லவில்லை. பல வருடம் கழித்து, ஆசிரியப் பயிற்சியின்போது 'டாம் சாயர்' முழுப் புத்தகத்தையும் படித்தேன். அந்த இருட்டை ஒருவர் 1876-லேயே எழுதி வைத்திருக்கிறாரே என்று அன்றைக்கு அழுதுவிட்டேன்.

அதில் என்ன எழுதியிருக்கிறது என்று சுருக்கத்தை மட்டும் படித்தவர்களுக்காகச் சொல்கிறேன். குகைக்குள் டாம் பெக்கியின் மெழுகுவத்தியை வாங்கி ஊதி அணைக்கிறான். காரணம் சொல்லவில்லை. அவளுக்கே புரிந்துவிடுகிறது. பிக்னிக்கில் மிச்சம் வைத்த ஒரு துண்டு கேக்கைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். கடைசித் துண்டு மெழுகுவத்தி உருகி, திரி மட்டும் நின்று, அதுவும் அணைவதை இருவரும் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். அதன் பிறகு டாம் பட்டம் விடும் நூலை ஒரு பாறையில் கட்டிக்கொண்டு, அது எட்டுகிற மட்டும் ஒவ்வொரு வழியாகப் போய்ப் பார்க்கிறான். மூன்றாவது வழியில், நூல் தீர்ந்த இடத்தில், தூரத்தில் ஒரு புள்ளி வெளிச்சம். நூலை விட்டுவிட்டு ஊர்ந்து போய்த் தலையை நீட்டினால் எதிரே மிசிசிப்பி ஆறு. இரவாக இருந்திருந்தால் அந்தப் புள்ளியே தெரிந்திருக்காது. இதையெல்லாம் வெட்டிவிட்டு, "மிகவும் சிரமப்பட்டு வெளியே வந்தார்கள்" என்று எழுதியிருக்கிறார்கள்!

இதைவிடப் பெரிய இழப்பு 33-ஆம் அத்தியாயம். இனி எந்தப் பிள்ளையும் உள்ளே போய்த் தொலையக் கூடாது என்று பெக்கியின் அப்பா குகை வாசலுக்கு இரும்புத் தகடு அடித்த கதவு போட்டுப் பூட்டிவிடுகிறார். நல்ல எண்ணம்தான். ஆனால் உள்ளே, கொலை செய்துவிட்டுத் தப்பி ஓடிய இன்ஜன் ஜோ இருந்தது அவருக்குத் தெரியாது. கதவைத் திறக்கும்போது அவன் பட்டினியால் செத்துக் கிடக்கிறான். மிச்சமிருந்த மெழுகுவத்தித் துண்டுகளையும் வௌவால்களையும் தின்றிருக்கிறான். மூன்று நிமிடத்துக்கு ஒரு சொட்டு விழும் தண்ணீரைப் பிடிக்க ஒரு கல்லைக் குடைந்து வைத்திருக்கிறான். அவனுக்குப் பயந்து தூக்கம் கெட்டவன் டாம். அந்த டாமே அவனுக்காக இரங்குகிறான், ஏனென்றால் அந்தப் பட்டினியும் இருட்டும் அவனுக்குத் தெரியும். புதையலை எடுக்க டாமும் அவன் நண்பன் ஹக்கும் மறுபடி அதே குகைக்குள் போவது இதற்கு அப்புறம்தான். சுருக்கத்தில் "கெட்டவன் இறந்தான்" என்று ஒரே வரி. புதையலை வைத்துக்கொண்டு இரக்கத்தை எடுத்துவிட்டார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வகுப்பில் நான் இந்தக் கதையை முழுசாகச் சொன்ன ஒரு வருடம், பணியர் என்ற பழங்குடி வீட்டுப் பெண் ஒருத்தி எழுந்து, "டீச்சர், மத்தவங்களுக்கெல்லாம் பேரு மட்டும்தான். இவனுக்கு மட்டும் ஏன் சாதியையும் சேர்த்துச் சொல்றாங்க?" என்று கேட்டாள். 'இன்ஜன்' என்பது அமெரிக்கப் பழங்குடியினரை இழிவாகச் சொல்லும் சொல். என்னிடம் அன்று நல்ல பதில் இல்லை. கலப்பு ரத்தம் என்பதாலேயே அவனைக் கெட்டவனாகக் காட்டுகிற வரிகள் அந்தப் புத்தகத்தில் உண்டு, அது தப்பு என்று மட்டும் சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். அதன் பிறகு அந்தக் கதையைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் அவள் கேள்வியையும் சேர்த்தே சொன்னேன். சுருக்கத்தில் ஜோ வெறும் "திருடன்" ஆகிவிட்டான். அந்தக் கேள்வி வரவே வழியில்லை.

நீளமான புத்தகத்தைப் பிள்ளைகள் படிக்க மாட்டார்கள் என்பீர்கள். எங்கள் பக்கம் மழைக்காலத்தில் கரண்ட் போனால் எப்போது வரும் என்று தெரியாது. அந்த நேரத்தில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் இந்தக் குகை அத்தியாயங்களை நான் வாசித்திருக்கிறேன். பின்பெஞ்சுப் பையன்கூட அசையாமல் கேட்பான். வெட்டத்தான் வேண்டும் என்றால் ஞாயிறு பள்ளிக் காட்சிகளை வெட்டுங்கள், பள்ளி ஆண்டு விழாவை வெட்டுங்கள். 31, 32, 33 ஆகிய மூன்றையும் தொடாதீர்கள்.

அடுத்த பட்டியலில் முழு மொழிபெயர்ப்பைச் சொல்லுங்கள். இடம் இருந்தால் அந்த மூன்று அத்தியாயங்களை மட்டுமாவது தொடராகப் போடுங்கள். வகுப்புக்காக நானே தமிழில் எழுதி வைத்த நோட்டு ஒன்று இருக்கிறது. வேண்டுமென்றால் பிரதி எடுத்துத் தபாலில் அனுப்புகிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
பந்தலூர், நீலகிரி மாவட்டம்