நீ தூங்கிவிட்ட அந்த இறக்கம்

அன்புள்ள கண்ணா,

நீ அனுப்பிய அட்டவணையை அப்பா போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு நாள், ஐந்து கேம்ப், நடுவில் இரண்டு கணவாய். "பையன் நல்லாத்தான் போட்டிருக்கான்" என்றார் முதலில். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "நீயே அவனுக்கு எழுது" என்றார். அவர் அப்படிச் சொன்னால் சொல்ல ஏதோ இருக்கிறது, அதை அவர் வாயால் சொல்லமாட்டார் என்று அர்த்தம். அதனால் நான் எழுதுகிறேன்.

கடைசியில் ஒரு வரி போட்டிருந்தாயே, "நாம அன்னைக்கு ஆர்வியில போன மாதிரியே பாப்பாவையும் கூட்டிட்டுப் போகணும்" என்று. படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் உறுத்தலாகவும் இருந்தது. படுக்கையும் அடுப்பும் கழிப்பறையும் உள்ளேயே இருக்கிற அந்த வண்டியில் அன்று நாம் எப்படிப் போனோம் என்று உனக்கு யாரும் சொன்னதே இல்லை. உனக்கு அப்போது ஏழு வயது. நடந்ததில் பாதியைப் பின் இருக்கையில் பெல்ட்டில் தலை தொங்கத் தூங்கிக் கழித்துவிட்டாய்.

அன்றைக்கு அப்பா போட்ட திட்டமும் இதே மாதிரிதான். ஆறு நாளில் நாலு இடம். விடுமுறை சீசன், எல்லா இடத்திலும் முன்பதிவு, ஒரு நாள் பிசகினாலும் அடுத்தது போய்விடும். வண்டியை வாங்கி, எது எங்கே இருக்கிறது என்று புரிந்துகொண்டு, சாமான் ஏற்றிக் கிளம்பும்போதே மத்தியானம் ஆகிவிட்டது. ஏற்றத்தில் வண்டி மூச்சு வாங்கியது. மேலே போகப் போகக் காற்று மெலிகிறது, எஞ்சினுக்கும் அது தெரியும். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத எஞ்சின் 300 மீட்டர் ஏறினால் சுமார் 3 சதவீத சக்தியை இழக்கும் என்று அப்பா பிறகு எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். 2,400 மீட்டரில் கால்வாசி சக்தி போயே போச்சு. அன்று அந்தக் கணக்கு எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. பின்னால் இருபது கார் வரிசை கட்டி நிற்பது மட்டும் கண்ணாடியில் தெரிந்தது. ஒதுங்கி வழிவிட்டிருக்கலாம். அதற்கென்றே இடம் விட்டிருப்பார்கள். ஒருவன் ஹாரன் அடித்ததும் அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

உச்சியைத் தாண்டினோம். நேரம் போய்விட்டதே என்று இறக்கத்தில் அதைப் பிடிக்கப் பார்த்தார். கியரைக் குறைக்கவே இல்லை. பிரேக்கில் வைத்த காலை எடுக்காமல் வளைவுக்கு வளைவு இறக்கிக்கொண்டே வந்தார். முதலில் வாசனைதான் வந்தது, இஸ்திரிப் பெட்டியைத் துணி மேலேயே வைத்துவிட்டு மறந்த மாதிரி. நான் அடுப்பைத்தான் சந்தேகப்பட்டேன். எழுந்து பின்னால் போகலாமா என்று பார்க்கும்போது அப்பா ரொம்ப மெதுவாகச் சொன்னார், "பெடல் உள்ளே போகுது." சூடேறிய பிரேக் பிடிக்கவில்லை. அந்தக் குரலை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை.

நல்லவேளை, அடுத்த வளைவுக்கு முன்னால் சாலை ஓரத்தில் கொஞ்சம் அகலமான இடம் இருந்தது. கியரை இழுத்துக் குறைத்து, கை பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, எப்படியோ நிறுத்தினார். முன் சக்கரத்தில் புகை. நான் தண்ணீர் பாட்டிலை எடுத்தேன், அவர் கையைப் பிடித்துத் தடுத்தார். அவ்வளவு சூட்டில் தண்ணீர் பட்டால் பிரேக் டிஸ்க்கே விரிசல் விடும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் நீ முழித்தாய். ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துவிட்டு, "வந்துட்டோமா?" என்றாய்.

"ஆமாடா, வந்துட்டோம்" என்றேன்.

அன்று இரவு ஒன்றாம் கியரிலேயே ஊர்ந்து, வழியில் முதலில் தென்பட்ட கேம்ப்புக்குள் நுழைந்தோம். சீசன் நேரம், வண்டி நிறுத்த ஒரு சைட்கூட இல்லை. காவலுக்கு இருந்த பெரியவர் எங்கள் முகத்தைப் பார்த்தாரோ, உன்னைப் பார்த்தாரோ, விறகு அடுக்கி வைத்திருந்த மூலையில் நிறுத்திக்கொள்ளச் சொன்னார். மெக்கானிக் வர மூன்று நாள் ஆனது. நாலு முன்பதிவும் போய்விட்டது. மீதி நாளெல்லாம் அந்த மூலையிலேயே இருந்தோம்.

இப்போது நீ பாப்பாவுக்குச் சொல்லும் கதையை யோசித்துப் பார். கல் அடுக்கி அணை கட்டிய ஓடை, ஏறி உட்கார்ந்த யானைப் பாறை, ஆடுகிற மரப்பாலம், போர்வையைப் போர்த்திக்கொண்டு நட்சத்திரம் பார்த்த மேடு. நீ அவளிடம் இதையெல்லாம் நாலு ஊர் மாதிரி சொல்கிறாய். எல்லாம் அந்த விறகு மூலையிலிருந்து பத்து நிமிட நடைக்குள் இருந்தவை. நாலும் ஒரே இடம்தான்.

அதனால் அந்த ஐந்தில் மூன்றை அடித்துவிடு. எந்த மூன்று என்று நீயே முடிவு செய்துகொள். இரண்டு இடம் போதும், ஒவ்வொன்றிலும் மூன்று இரவு. ஒரு நாள் எதுவும் எழுதாமல் காலியாக இருக்கட்டும். மருமகளிடமும் கேட்டுப் பார், அவள் என் பக்கம்தான் இருப்பாள். ஒவ்வொரு முறை இடம் மாற்றுவதும் உனக்கு வண்டி ஓட்டுகிற வேலை. அவளுக்கோ கழுவி, மடித்து, ஆடுகிற கதவையெல்லாம் பூட்டி, போன இடத்தில் மறுபடி எல்லாவற்றையும் வெளியே எடுக்கிற வேலை. மேப் காட்டும் நேரத்தை நம்பாதே, அது கார் போகும் நேரம். மலையில் அதோடு பாதியாவது சேர்த்துக்கொள்.

முன்பதிவு விஷயத்தில் இப்போதே உட்கார வேண்டும். பல பூங்காக்களில் 6 மாதம் முன்னாலேயே திறந்துவிடுகிறார்கள், நல்ல சைட்டெல்லாம் சில நிமிடத்தில் போய்விடும். கிடைக்காவிட்டால் விட்டுவிடாதே. கிளம்ப ஒன்றிரண்டு வாரம் இருக்கும்போது பலர் ரத்து செய்வார்கள், தினமும் காலையில் ஒரு தடவை பார். வெள்ளி, சனி இரவுகளில் இடம் மாறாதே. ஞாயிறு மத்தியானம் எல்லோரும் கிளம்பும்போது நீ போய்ச் சேர். வெயில் இருக்கும்போதே, மூன்று நான்கு மணிக்குள் சேர்ந்துவிட வேண்டும். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இருட்டில் மரங்களுக்கு நடுவே அவ்வளவு பெரிய வண்டியைப் பின்னால் எடுக்க வைத்தால் எந்தக் குடும்பத்திலும் சண்டை வரும்.

பின்னால் எடுக்கும்போது கீழே இறங்கி நின்று கை காட்டியது எப்போதும் நான்தான், அதனால் அதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். கிளம்புவதற்கு முன்பே, வீட்டு வாசலிலேயே, எந்தக் கையசைவுக்கு என்ன அர்த்தம் என்று இரண்டு பேரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். "இடது" என்று கத்துவதில் பிரயோஜனமே இல்லை. யாருடைய இடது? வண்டியின் பின்பக்கம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நீட்டினால் போதும். உன் கண்ணாடியில் மருமகள் தெரியவில்லை என்றால் அந்த நொடியே நிறுத்து, அவள் என்ன சொன்னாள் என்று யோசிக்காதே. திரும்பும்போது வண்டியின் வால் எதிர்ப்பக்கம் வீசும், பின் சக்கரத்துக்குப் பின்னால் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறதோ அவ்வளவுக்கு. நாங்கள் ஒரு முறை தண்ணீர்க் குழாய்க் கம்பத்தைச் சாய்த்தது அப்படித்தான். கீழே மட்டும் பார்த்து நின்றால் போதாது, மேலே கிளையையும் பார்க்கச் சொல். ஏசி பெட்டி கூரைக்கு மேலே இருக்கிறது.

உயரத்தையும் நீளத்தையும் நீயே டேப் பிடித்து அளந்து, ஒரு சீட்டில் எழுதி ஸ்டீயரிங் பக்கத்தில் ஒட்டு. வாடகைக்குக் கொடுப்பவர்கள் 25 அடி என்பார்கள். பின்னால் ஏணி, சைக்கிள் மாட்டும் கம்பி எல்லாம் சேர்ந்தால் அது 27 ஆகிவிடும். மலைச் சாலைகளில் இதெல்லாம் வெறும் பேச்சில்லை. அமெரிக்காவின் கிளேசியர் தேசியப் பூங்காவில் கோயிங் டு தி சன் சாலையின் மலைப் பகுதிக்குள் 21 அடிக்கு மேல் நீளமான வண்டியை விடவே மாட்டார்கள், பம்பரையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. நீ போகும் இரண்டு கணவாய்க்கும் இப்படி ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தாயா? அட்டவணையில் அதற்கு ஒரு கட்டம்கூட இல்லை.

இறக்கத்தைப் பற்றி அப்பாவிடம் கேட்டேன், இதை மட்டும் அவரே சொன்னார், அப்படியே எழுதுகிறேன். "இறக்கம் தொடங்குவதற்கு முன்னாலேயே கியரைக் குறைக்கணும், வேகம் எடுத்த பிறகு இல்லை. எஞ்சினே வண்டியைப் பிடிச்சுக்கும். வேகம் கூடினா பிரேக்கை நல்லா அழுத்திக் குறைச்சுட்டுக் காலை எடுத்துடணும், லேசா வச்சுக்கிட்டே வரக்கூடாது. பின்னாடி வர்றவன் திட்டினா திட்டட்டும்." கடைசி வாக்கியத்தை இரண்டு தடவை சொன்னார்.

தண்ணீர்த் தொட்டியை வீட்டிலேயே விளிம்பு வரை நிரப்பாதே. ஒரு லிட்டர் ஒரு கிலோ. 150 லிட்டர் என்றால் இரண்டு பெரிய ஆளைக் கூடுதலாக மலை ஏற்றுகிறாய். போகும் கேம்ப்பில் குழாய் இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தால் வழிக்கு வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே போய் நிரப்பலாம். கழிவைக் காலி செய்யும்போது முதலில் கழிப்பறைத் தொட்டி, பிறகு பாத்திரம் கழுவிய தண்ணீர், அப்போதுதான் குழாய் அலசிக்கொண்டு போகும். சீசனில் அந்த இடத்திலும் வரிசை நிற்கும். கிளம்பும் நாள் காலை பத்து மணிக்குப் போனால் உன் முன்னால் எட்டு வண்டி இருக்கும்.

மேலே ராத்திரி குளிரும். 1,000 மீட்டருக்கு ஆறு ஆறரை டிகிரி குறையும் என்று வைத்துக்கொள், கோடையானாலும் சரி. சின்ன கையடக்க அடுப்பு கொண்டு போனால் சிலிண்டரில் என்ன இருக்கிறது என்று பார். பியூட்டேன் பூஜ்யம் டிகிரிக்குப் பக்கத்திலேயே ஆவியாகாமல் படுத்துவிடும், புரொபேன் மைனஸ் 42 வரை தாங்கும். 3,000 மீட்டரில் தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும், கொதிக்கிறதே தவிர வேகாது. குக்கர் எடுத்துக்கொள். கார்பன் மோனாக்சைடு என்கிற விஷவாயுவுக்கான அலாரம் வேலை செய்கிறதா என்று வண்டியை வாங்கும்போதே அழுத்திப் பார்க்கச் சொல், வெட்கப்படாதே. குளிருக்காக எரியும் அடுப்பை வைத்துக்கொண்டு தூங்கவே கூடாது.

ஜெனரேட்டரை ராத்திரி போட முடியாது. பெரும்பாலான கேம்ப்பில் பத்து மணிக்கு மேல் சத்தமே கூடாது. மின் இணைப்பு இல்லாத சைட் என்றால் பேட்டரிதான் கதி. சாதாரண ஈய பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் போய்விடும் என்று அப்பா சொல்கிறார். பாப்பாவின் டேப்லெட்டைக் குறைக்க இதுவே ஒரு நல்ல காரணம்.

அவளைப் பற்றி இன்னொன்று. இரண்டாவது கேம்ப் 2,900 மீட்டர் என்று போட்டிருக்கிறாய். 2,500-க்கு மேல் தூங்கினால் சிலருக்குத் தலைவலி, குமட்டல் வரும், குழந்தைகளுக்குச் சொல்லத் தெரியாது, சிடுசிடு என்று இருப்பார்கள், சாப்பிடமாட்டார்கள். அதனால் தாழ்வான இடத்தை முதலில் வை, மூன்று இரவு அங்கே தங்கிவிட்டு மேலே போ. முடியவில்லை என்றால் கீழே இறங்கிவிட வேண்டியதுதான். இரண்டு இடம் மட்டும் இருந்தால் அப்படி இறங்குவதற்கும் உனக்கு நாள் இருக்கும்.

நாங்கள் வருவதா வேண்டாமா என்று கேட்டிருந்தாய். அப்பாவுக்கு முழங்கால் சரியில்லை, மேல் படுக்கையில் ஏறமாட்டார், எனக்கு உயரத்தில் தூக்கம் வராது. முதல் கேம்ப்புக்கு மட்டும் வருகிறோம், பக்கத்தில் அறை எடுத்துக்கொள்கிறோம். நீங்கள் மேலே போகும் நாளன்று திரும்பிவிடுவோம்.

சக்கரத்துக்கு அடியில் வைத்து வண்டியை மட்டம் பண்ணும் மரக்கட்டைகள் இன்னும் பரணில் இருக்கின்றன. அப்பா நேற்றே இறக்கித் துடைத்து வைத்துவிட்டார். ஒன்றின் ஓரத்தில் நீ பென்சிலால் வரைந்த வண்டி மங்கலாகத் தெரிகிறது, சக்கரத்தில் புகையோடு. நீ முழுக்கத் தூங்கவில்லை போலிருக்கிறது.

வண்டியின் உயரத்தை அளந்து அனுப்பு.

அம்மா