மெகலோடான் பல் வாங்கவிருக்கும் நண்பருக்கு

அன்புள்ள சிவகுருநாதன் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதமும் மூன்று சுறாப் பற்களின் படங்களும் வந்து சேர்ந்தன. பணி ஓய்வுக்குப் பிறகு புதைபடிவங்களின் பக்கம் உங்கள் மனம் திரும்பியிருப்பதும், பேத்தி அதில் உங்களுக்குத் துணையாக இருப்பதும் எனக்குப் பெருமகிழ்ச்சி. இங்கே அமெரிக்காவின் தென் கரோலினாவில், சார்ல்ஸ்டனில் நாங்கள் நலம். மரகதத்துக்கு முழங்கால் வலி குறைந்து, மாலையில் பழையபடி நடக்கத் தொடங்கிவிட்டாள்.

எதை வாங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் மிகவும் விரும்புகிற, மெகலோடான் என்ற அழிந்துபோன ராட்சதச் சுறாவின் அந்த ஆறு அங்குலப் பல்லை வாங்க வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படத்தைப் பெரிதாக்கி வேரின் இடது மடலைப் பாருங்கள். உண்மையான வேரில் இரத்தக்குழாய்கள் நுழைந்த நுண்துளைகள் இருக்கும். நிறமும் இடத்துக்கு இடம் மாறும். இந்தப் பல்லின் வலது மடலில் அவையெல்லாம் இருக்கின்றன, இடது மடலிலோ ஒரே சீரான பழுப்பு நிறம் மட்டுமே இருக்கிறது. விளிம்பின் ரம்பப் பற்களும் நுனியிலிருந்து அடிவரை அச்சில் வார்த்தது போல ஒரே ஆழத்தில் உள்ளன. இரையைக் கடித்த பல்லில், அதன் பிறகு பல லட்சம் ஆண்டுகள் மண்ணில் கிடந்த பல்லில், இப்படி இருக்க வழியே இல்லை. உடைந்த வேரை ரெசின் என்ற செயற்கைப் பிசினால் வளர்த்து, தேய்ந்த விளிம்பை அரத்தால் மீண்டும் வெட்டியிருக்கிறார்கள் என்பதே என் கணிப்பு. பல் நேரில் கைக்கு வந்தால் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், புற ஊதா விளக்கு, அசிட்டோனில் நனைத்த பஞ்சு ஆகிய மூன்றும் போதும். பல வகைப் பசைகளும் ரெசின்களும் புற ஊதா ஒளியில் தனித்து ஒளிரும்; பூசிய சாயம் பெரும்பாலும் பஞ்சில் வந்துவிடும்.

இந்த ஒட்டுவேலைக்கெல்லாம் காரணம் அங்குலக் கணக்குதான். நுனியிலிருந்து வேரின் தொலைவான மூலைவரை சாய்வாக அளப்பதே இந்தத் துறையின் வழக்கம். மெகலோடான் பற்களில் மூன்று முதல் ஐந்து அங்குலம் வரை உள்ளவை தாராளமாகக் கிடைக்கின்றன. ஆறைத் தாண்டியவை அரிது, ஏழைத் தொட்டவை மிக மிக அரிது. ஆகவே விலை நீளத்தோடு சீராக ஏறுவதில்லை. ஆறு அங்குலக் கோட்டைத் தாண்டும் இடத்தில் ஒரேயடியாக எகிறுகிறது. ஐந்தேகால் அங்குல உடைசலை ஆறாக்கினால் கிடைக்கும் அந்த முக்கால் அங்குலத்தில்தான் விற்பவரின் இலாபம் இருக்கிறது. பழுதுபார்ப்பதை நான் குறைசொல்லவில்லை. அதைச் சொல்லாமல் முழுப் பல்லின் விலைக்கு விற்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

இரண்டாவது பல், இங்குள்ள கூப்பர் ஆற்றிலிருந்து எடுத்ததாகச் சொல்லப்படும் நாலரை அங்குலப் பல், எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பல்லின் நாக்கைப் பார்த்த பக்கத்தில், வேருக்கும் எனாமலுக்கும் இடையே, அம்புமுனை வடிவில் ஒரு கருநிறப் பட்டை தெரிகிறதல்லவா? சேகரிப்பாளர்கள் அதைப் பூர்லெட் என்பார்கள். வெள்ளைச் சுறாவின் பல்லில் அது கிடையாது; அதன் ரம்ப விளிம்பும் இதைவிடக் கரடுமுரடாக இருக்கும். இந்தப் பல்லில் பூர்லெட் உரிந்துபோகாமல் முழுமையாக நிற்கிறது, மதிப்பில் அதற்குப் பெரிய பங்குண்டு. நுனி சற்று மழுங்கியிருப்பதை நான் பொருட்படுத்த மாட்டேன். அதோடு வந்த பழைய சீட்டில் ‘கார்கரோடான் மெகலோடான்’ என்று எழுதியிருப்பதைக் கண்டு ஐயப்படவும் வேண்டாம். வெள்ளைச் சுறாவின் இனத்தோடு இதைச் சேர்த்திருந்த காலத்துப் பெயர் அது. இப்போது பெரும்பாலோர் ஓட்டோடஸ் என்ற இனத்தில் வைக்கிறார்கள்.

கிடைத்த இடம் தெரிந்த பல்லுக்கு நான் எப்போதும் கூடுதல் மதிப்புக் கொடுப்பேன். புளோரிடாவின் போன் வேலி பாஸ்பேட் சுரங்கங்களில் கிடைத்த சிறு பற்கள், அவற்றின் வெளிர்நீல, மஞ்சள் நிறங்களுக்காகவே, இங்குள்ள ஆற்றுப் பற்களில் பெரியவற்றைவிடக் கூடுதல் விலைக்குப் போகின்றன. வட கரோலினாவின் லீ கிரீக் சுரங்கத்துக்குள் சேகரிப்பாளர்கள் போக முடியாமல் பல ஆண்டுகளாகிவிட்டதால் அந்தப் பெயருள்ள சீட்டுக்கும் தனி மதிப்பு. இங்கே ஆற்றில் மூழ்கி எடுப்பவர்கள் கையளவு தூரம்கூடத் தெரியாத கறுப்பு நீரில், தலைவிளக்கோடு சரளைப் படுகையைத் தடவித் தேடுகிறார்கள். அதற்கு மாநில உரிமம் வேண்டும், எடுத்ததை அறிக்கையாகவும் தர வேண்டும். உண்மையாகச் சொல்பவரிடம் அந்த விவரம் இருக்கும். பெரு நாட்டிலிருந்து வந்தது என்றால் விலகிக்கொள்ளுங்கள், அங்கிருந்து புதைபடிவங்களை வெளியே கொண்டுசெல்லச் சட்டம் இடம் தருவதில்லை.

இடம் பொய்யைக் காட்டிக்கொடுக்கவும் செய்யும். அரியலூரில் கிடைத்த மெகலோடான் என்று உங்கள் ஊர்ப் பக்கம் ஒருவர் காட்டியதாக எழுதியிருந்தீர்கள். அரியலூர்ப் பாறைகளில் சுறாப் பற்கள் உண்டு, ஆனால் அந்தக் கிரெட்டேசியஸ் படிவுகள் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கும் முந்தியவை. மெகலோடான் வாழ்ந்ததோ ஏறத்தாழ 2 கோடியே 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பிருந்து 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன்புவரை.

மூன்றாவது, மொராக்கோவின் கூரிப்கா பகுதியிலிருந்து வரும், ஓட்டோடஸ் ஒப்ளிகுவஸ் என்ற வேறொரு பழங்காலச் சுறாவின் பல். ரம்பமில்லாத வழவழப்பான விளிம்பும் இருபுறமும் குட்டிப் பற்களும் அதன் அடையாளம். பல் அசல்தான், அது பதிந்திருக்கும் மணற்கல்தான் மணலும் பசையும் சேர்த்துச் செய்ததாகத் தோன்றுகிறது. அங்கே பாஸ்பேட் தோண்டும்போது ஏராளமாகக் கிடைப்பதால் விலையும் குறைவு. பேத்தி கையில் வைத்துப் பார்க்க ஏற்றது, வாங்கிக் கொடுங்கள்.

பல் மட்டும் ஏன் கிடைக்கிறது, எலும்பு எங்கே என்று அவள் கேட்டது நல்ல கேள்வி. சுறாவின் உடற்கூடு குருத்தெலும்பு என்பதால் மக்கிவிடும்; பற்களோ ஆயுள் முழுதும் ஆயிரக்கணக்கில் விழுந்து முளைக்கும். மால்டாவில் கிடைத்த இத்தகைய பற்களை ஒரு காலத்தில் கல்லாகிப்போன நாக்குகள் என்றே நம்பினார்கள். 1666-இல் லிவோர்னோ அருகே பிடிபட்ட சுறாவின் தலையை அறுத்து ஆராய்ந்த ஸ்டெனோ என்ற மருத்துவர்தான் அவை சுறாப் பற்களை ஒத்திருப்பதை விளக்கினார் என்று அவளிடம் சொல்லுங்கள்.

நாலரை அங்குலப் பல்லுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன், வேரின் பின்புறத்தைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த படமும், மூழ்கி எடுத்தவரின் கைப்பட எழுதிய இடக் குறிப்பும் விற்பவரிடம் கேளுங்கள். வந்ததும் எனக்கு அனுப்பிவையுங்கள், அன்றே பார்த்து எழுதுகிறேன்.

அன்புடன்,
கதிரேசன்