தாயகம் திரும்பிய தொழிலாளர்களின் ஆதார் கைப்பேசி எண் புதுப்பிப்புக்குச் சிறப்பு முகாம் கோரும் மனு

அனுப்புநர்
குவைத்தில் பணி முடித்துத் தாயகம் திரும்பிய தொழிலாளர்,
முதுகுளத்தூர் வட்டம், இராமநாதபுரம் மாவட்டம்.
(பெயர், முகவரி, அடையாளச் சான்றுகள் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன.)

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், இராமநாதபுரம்.

பொருள்: வெளிநாட்டிலிருந்து திரும்பியோரின் ஆதார் பதிவில் செயலிழந்த கைப்பேசி எண் இருப்பதால் அன்றாட வாழ்வில் ஏற்படும் முடக்கம் – எண் மாற்றத்துக்கும் கைரேகை பதியாதோருக்கும் சிறப்பு முகாம் நடத்தவும், மாற்று வழிகளை நடைமுறைப்படுத்தவும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் 1998ஆம் ஆண்டு முதல் குவைத்தில் வெல்டராகவும் பின்னர் பணிமனை மேற்பார்வையாளராகவும் வேலை பார்த்துவிட்டு, விசாவை முடித்துக்கொண்டு சொந்த ஊரில் நிரந்தரமாகக் குடியேறியிருக்கிறேன். இம்மாவட்டத்தில் எங்கள் வட்டாரம் மட்டுமன்றி கீழக்கரை, தொண்டி, தேவிபட்டினம் என்று கடலோரம் நெடுக வளைகுடா நாடுகளுக்குப் போய்த் திரும்பியவர் இல்லாத தெரு குறைவு என்பது தாங்கள் அறியாதது அல்ல. அவர்களில் பலருக்கும் பொதுவான ஒரு சிக்கலைத் தங்கள் பார்வைக்குக் கொண்டுவரவே இம்மனுவை அளிக்கிறேன்.

விடுமுறைக்கு வந்து உறவினர் வீட்டு விசேஷங்களில் தலைகாட்டிவிட்டுப் போகும்போது கண்ணில் படாத பல மாற்றங்கள், நிலையாகத் தங்கிய பிறகுதான் தெரியவருகின்றன. பேருந்து நிலையத்தின் வாசலில் நுங்கு விற்கும் அம்மாவின் பனையோலைக் கூடையில் க்யூஆர் அட்டை தொங்குகிறது. தேநீர்க் கடையில் பன்னிரண்டு ரூபாய் வந்துசேர்ந்ததை ஒரு சிறிய ஒலிப்பெட்டி தமிழில் உரக்கச் சொல்கிறது. நூறு ரூபாய்த் தாளை நீட்டினால், சில்லறை இல்லை, போன்பே பண்ணுங்கள் என்கிறார்கள். பத்திரப் பதிவுக்கும் பட்டாவுக்கும் அலுவலகம் அலுவலகமாக அலைந்த காலத்தைப் பார்த்தவன் என்ற முறையில், வில்லங்கச் சான்றை வீட்டிலிருந்தே பார்க்க முடிவதை மனமாரப் பாராட்டுகிறேன். இம்மனு மின்னாளுமைக்கு எதிரானது அல்ல. அதற்குள் நுழையும் கதவு எங்களுக்குப் பூட்டியிருக்கிறது என்பதே என் முறையீடு.

அந்தக் கதவின் சாவி கைப்பேசி எண். எதைத் தொட்டாலும் ஓடிபி வருகிறது. அது ஆதாரில் பதிவான எண்ணுக்கு வருகிறது. எங்களில் பெரும்பாலோர் 2011, 2012 வாக்கில் விடுமுறையில் வந்தபோது ஆதாருக்குப் பதிந்தவர்கள். அன்று கையிலிருந்த உள்ளூர் சிம்மின் எண்ணையே கொடுத்தோம். தொண்ணூறு நாள் பயன்பாடின்றிக் கிடக்கும் முன்கட்டண எண்ணைச் சேவை நிறுவனம் துண்டித்துவிடலாம். அதன்பின் மேலும் தொண்ணூறு நாள் கழித்து அதே எண்ணை வேறொருவருக்கு வழங்கலாம் என்பது தொலைத்தொடர்புத் துறையின் விதி. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை ஊருக்கு வரும் தொழிலாளியின் எண் இந்த விதியின் கீழ் எத்தனை காலம் உயிரோடு இருக்கும்? என் பழைய எண்ணுக்கு அழைத்தபோது வட மாவட்டத்தைச் சேர்ந்த ஒருவர் எடுத்தார். மிக மரியாதையாகப் பேசினார். வங்கியிலிருந்து தமக்குச் சம்பந்தமில்லாத குறுஞ்செய்திகள் அவ்வப்போது வருவதாகவும், அவற்றை அழித்துவிடுவதாகவும் சொன்னார். அவர் நல்லவராக அமைந்தது என் அதிர்ஷ்டம். எல்லோருக்கும் அப்படி அமையும் என்று நம்பி ஓர் ஏற்பாட்டை நடத்த முடியாது.

இதன் விளைவுகளைச் சுருக்கமாகவாவது சொல்ல வேண்டும். அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி, நிரந்தரமாகத் திரும்பியவர் தம் வெளிநாடுவாழ் இந்தியர் கணக்கை உள்நாட்டுக் கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்கு விண்ணப்பித்தபோது வங்கியில் ஆதார் ஓடிபி கேட்டார்கள். ஓடிபி வர எண்ணை மாற்ற வேண்டும். எண்ணை மாற்ற ஆதார் மையத்தில் கைரேகை வைக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் இரும்பையும் அரவைக் கல்லையும் பிடித்த என் விரல்களில் ரேகை தேய்ந்துபோயிருக்கிறது. ஒவ்வொரு விரலாக வைத்து, ஈரத்துணியால் துடைத்து வைத்து, தேங்காயெண்ணெய் தடவியும் வைத்துப் பார்த்தாகிவிட்டது. கருவி சிவப்பு விளக்கையே காட்டியது. கருவிழியைப் பதிய முடியுமா என்று கேட்டதற்கு, கருவி பழுது, வேறு நாள் வாருங்கள் என்று அந்த மையத்தில் சொன்னார்கள். அந்த ஊழியரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஒரே மேசையில் பள்ளிப் பிள்ளைகளுக்கான கட்டாயப் புதுப்பிப்பையும் அவரே பார்த்துக்கொண்டிருந்தார். கொத்தனார், சித்தாள், சலவைக்காரர், மீன் வெட்டுபவர், கரிமூட்டம் போடுபவர் என்று கைத்தொழில் செய்து பிழைத்த யாருக்கும் இதே கதைதான்.

வங்கியோடு இது நிற்பதில்லை. தந்தை பெயரிலிருக்கும் நிலத்துக்குப் பட்டா மாறுதல் கேட்டு இ-சேவை மையத்துக்குப் போனால், குடிமக்கள் கணக்கு எண் உருவாக்க ஓடிபி கேட்கிறார்கள். 2025இல் விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் வழங்கும் பதிவு தொடங்கியபோது, ஆதாரோடு இணைந்த கைப்பேசியைக் கையோடு கொண்டுவரச் சொன்னார்கள். முண்டு மிளகாய் போட்டு மழையை எதிர்பார்த்திருக்கும் எங்களுக்கு அந்த எண் இல்லாமல் போனால் நாளை எந்த உதவியில் எங்கே தடைபடுமோ என்ற கவலை இருக்கிறது. அதே ஆண்டு ஜூலை முதல் இணையவழித் தட்கல் ரயில் சீட்டுக்கும் ஆதார் ஓடிபி கட்டாயம். மருத்துவத்துக்காகத் திடீரென்று சென்னை போக வேண்டிய முதியவர், அந்த ஓடிபி இல்லாமல் இணையத்தில் தட்கல் சீட்டு எடுக்க இயலாது. யுபிஐ வசதிக்கு வெளிநாட்டுக் கைப்பேசி எண்ணையே பயன்படுத்தலாம் என்று 2023இல் பத்து நாடுகளுக்கு அனுமதி வந்தது. அந்தப் பட்டியலில் ஓமனும் கத்தாரும் சவூதியும் அமீரகமும் இருந்தன, குவைத்தும் பஹ்ரைனும் இல்லை. ஆகவே அந்த வழியும் எங்களுக்கு அன்று திறக்கவில்லை.

குவைத்திலும் சிவில் ஐடி எனும் அந்நாட்டு அடையாள அட்டை இல்லாமல் ஓர் அணுவும் அசையாது. அரசுச் சேவைகள் அங்கேயும் கைப்பேசிச் செயலிக்குள் போய்விட்டன. இந்தியாவில் மட்டும்தான் இந்தத் தொல்லை என்று சொல்வது பொய்யாகும். ஆனால் 2024இல் கைரேகை உள்ளிட்ட உயிரியளவுப் பதிவை அங்குக் கட்டாயமாக்கியபோது, அரசு அலுவலகங்கள் போதாவென்று வணிக வளாகங்களிலும் பதிவு இடங்களைத் திறந்தார்கள். கட்டாயம் எந்த அளவோ அந்த அளவுக்கு வசதியும் செய்து தர வேண்டும் என்பதை அங்கே கண்கூடாகப் பார்த்தேன். நம் அரசுக்கும் இது புதிதல்ல. 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருள்கள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. அரிசிக்குச் செய்ய முடிந்ததை ஓர் எண் மாற்றத்துக்கும் செய்ய முடியும்.

கைரேகை பொருந்தவில்லை என்ற ஒரே காரணத்துக்காக உரியவருக்கு நலத்திட்ட உதவி மறுக்கப்படக் கூடாது என்பது, ஆதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 26 அன்று அளித்த தீர்ப்பிலும் கருத்தில் கொள்ளப்பட்ட ஒன்று. விதி இவ்வளவு தெளிவாக இருந்தும், கவுன்டரில் அமர்ந்திருப்பவரின் திரையில் ஓடிபிக்கான கட்டம் மட்டுமே இருப்பதால், மாற்று வழியை அவரிடம் எடுத்துச் சொல்லியும் பயனில்லை. இதை மேலிருந்துதான் சரிசெய்ய இயலும்.

எனவே, தாங்கள் கருணை கூர்ந்து, வெளிநாடு சென்று திரும்பியோர் அதிகமுள்ள முதுகுளத்தூர், கமுதி, பரமக்குடி, திருவாடானை, கீழக்கரை வட்டங்களில் ஆதார் கைப்பேசி எண் மாற்றத்துக்கென்றே தனி முகாம்களை நடத்த ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன். அம்முகாம்களில் பழுதில்லாத கருவிழிப் பதிவுக் கருவி கட்டாயம் இருக்க வேண்டும். அது இல்லாமல் முகாம் நடத்தினால் எங்களைப் போன்றோர் வந்து வெறுங்கையுடன் திரும்புவதே நடக்கும். வட்டாட்சியர் அலுவலகங்களில் இயங்கும் நிரந்தர ஆதார் மையங்களிலும் இக்கருவிகள் இயங்கும் நிலையில் உள்ளனவா என ஒருமுறை ஆய்வு செய்ய உத்தரவிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன். எண் மாறி முடியும் வரை வருவாய்த் துறைச் சான்றிதழ்களுக்குக் கடவுச்சீட்டு, வாக்காளர் அட்டை ஆகியவற்றைக் காட்டி, கிராம நிர்வாக அலுவலரின் சான்றொப்பத்துடன் எழுத்து விண்ணப்பம் அளிக்க இடமளிக்க வேண்டும். வங்கிகளைப் பொறுத்தவரை, கணக்கு மாற்றத்துக்கும் வாடிக்கையாளர் விவரப் புதுப்பிப்புக்கும் ஆதார் ஓடிபி ஒன்றே வழி என்று கிளைகளில் சொல்லித் திருப்பி அனுப்பாமல், கடவுச்சீட்டு உள்ளிட்ட ஏற்கத்தக்க ஆவணங்களைப் பெற்றுக்கொள்ளுமாறு முன்னோடி வங்கி மேலாளர் மூலம் அறிவுறுத்தினால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

மேலும் ஒன்று. இன்றைக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் விமானம் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். புறப்படும் முன் ஆதாரிலும் வங்கியிலும் வீட்டிலிருப்பவர் ஒருவரின் பராமரிப்பில் இருக்கும் எண்ணைப் பதிந்து, அதைக் காலம் தவறாமல் ரீசார்ஜ் செய்துவர ஏற்பாடு செய்ய வேண்டும் என்று அவர்களிடம் யாரும் சொல்வதில்லை. பயண முகவர்களும் சொல்வதில்லை. அவர்களுக்கு அதில் வரும்படி இல்லை. அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறையின் வழியாக, வேலைக்குச் செல்வோருக்கான வழிகாட்டுதலில் இதைச் சேர்க்குமாறு தாங்கள் பரிந்துரைக்க வேண்டுகிறேன். இம்மனுவின் நகல் அத்துறையின் ஆணையர் அவர்களுக்கும் அனுப்பப்பட்டுள்ளது.

எங்கள் ஊரில் இதே நிலையிலுள்ளோர் தம் பெயரும் கையொப்பமும் இட்ட தாளை இத்துடன் இணைத்துள்ளேன். அதில் சிலர் விரல் உருட்டியிருக்கிறார்கள். அவர்கள் எழுதத் தெரியாதவர்கள். முகாம் தேதி முடிவானால் ஊராட்சி அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதோடு ஒலிபெருக்கி மூலமும் அறிவிக்க வேண்டுகிறோம். குறுஞ்செய்தியில் அனுப்பினால் எங்களுக்கு வந்து சேராது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

இடம்: முதுகுளத்தூர் வட்டம்
இணைப்பு: ஆதார் நகல், கடவுச்சீட்டு நகல், கையொப்பப் பட்டியல், கைரேகைச் சரிபார்ப்பு தோல்வியுற்றதற்கான சீட்டு நகல்.